செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சேலம், ஏற்காடு அடிவாரத்தில் உள்ள நம் நகரின் தோட்டம் மற்றும் மலைநடைச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

ஆடிப்பட்டத்துக்கு நாட்டு விதைகள் கொடுத்தோம். சுதந்திர தினத்தன்று மரக்கன்று நட்டோம். மாடித்தோட்ட வகுப்பு வழக்கம்போல நடந்தது.

மலைநடை பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளைத் திறந்தது. பணம் கட்டி முன்பதிவு செய்தால்தான் போக முடியும். ஆர்வமாகப் பெயர் கொடுத்துவிட்டு முந்தின நாள் ராத்திரி “வர முடியலை” என்று சொன்னால் அந்தப் பணம் சங்கத்துக்குத்தான் நஷ்டம். கோடையில் ஏன் காட்டுக்குக் கூட்டிப்போகவில்லை என்றும் கேட்டார்கள். அது காட்டுத்தீ காலம். 2018இல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலைநடை போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகும் இதை விளக்க வேண்டியிருப்பது வருத்தமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக, காபியைப் பூக்கவைக்கும் கோடை மழையான பூமழை பெய்து காபி பூத்த நேரத்தில் அனுமதி வாங்கி ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றில் நடந்தோம். சில நாளே நிற்கும் அந்த வெள்ளைப் பூவில் தேனீக்கள் மொய்த்ததை வந்தவர்கள் பார்த்தார்கள்.

அடுத்து, பூங்காவில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் அமைத்த பட்டாம்பூச்சிப் பாத்தி. ரோஜா வைக்காமல் எருக்கும் கிலுகிலுப்பைச் செடியும் கறிவேப்பிலையும் வைத்தது பணத்தை வீணாக்கும் வேலை என்று செயற்குழுவிலேயே பேச்சு வந்தது. பூ மட்டும் இருந்தால் பட்டாம்பூச்சி தேன் குடித்துவிட்டுப் போய்விடும். முட்டையிட அதனதன் செடி வேண்டும். வெந்தய வரியன் என்ற பட்டாம்பூச்சிக்கு எருக்கு, கறிவேப்பிலை அழகி என்ற பட்டாம்பூச்சிக்குக் கறிவேப்பிலை, நாரத்தை வகை. புழு இலையைத் தின்கிறது என்று புகார் சொன்னவர்களுக்கு என் பதில் இதுதான்: தின்னத்தான் வைத்தோம்.

கிலுகிலுப்பை காய்ந்த பிறகுதான் அதன் முக்கியமான வேலையே. நீல வரியன் போன்ற பட்டாம்பூச்சிகளின் ஆண்கள் வாடிய தண்டிலிருந்து ஒரு சாற்றை உறிஞ்சும். பெண்ணைக் கவரும் வாசனையை உண்டாக்க அது தேவை. அந்தச் செடிகளைத்தான் ‘காய்ந்த குப்பை’ என்று யாரோ வேரோடு பிடுங்கிப் போட்டார்கள், அதுவும் அந்தப் பட்டாம்பூச்சிகள் கூட்டமாக வலசை போகும் பருவத்தில். எழுதி வைத்த பலகையைக்கூடப் படிக்கவில்லை. இன்றுவரை எனக்கு மனசு ஆறவில்லை.

மாடியில் கத்தரி பூத்தும் காய்க்கவில்லை என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. கத்தரிப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் பையின் நுனித் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டு பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கிறது. தேனீயால் அது முடியாது. கட்டையைத் துளைக்கிறது என்று கருவண்டை அடித்துக் கொல்லாதீர்கள். காய்ந்த மூங்கில் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டால் அதில் குடியேறும். காலையில் பூ விரிந்திருக்கும்போது மருந்து அடிக்காதீர்கள்.

கணக்கு தணிக்கை செய்யப்பட்டுப் பொருளாளரிடம் உள்ளது. வரவும் செலவும் ஏறக்குறைய சரி. பாத்திக்கான வேலி, சொட்டுநீர்க் குழாய்ச் செலவில் ஒரு பகுதி கையிலிருந்து போட்டது. சந்தா வந்ததும் நேர் செய்யப்படும். பாதிக்கு மேற்பட்டவர்களின் சந்தா இன்னும் வரவில்லை. அவர்களில் சிலர் விதை மட்டும் தவறாமல் வாங்கிப் போனார்கள்.

தலைவர், பொருளாளர், பூங்காக் காவலர், ஏற்காட்டில் வழிகாட்டிய தம்பி, தேநீர் தந்த மகளிர் அணி எல்லோருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் நான் இந்தப் பொறுப்பில் தொடர்வதா என்று பொதுக்குழுதான் சொல்ல வேண்டும். தொடர்ந்தாலும் தனி ஆளாகப் பாத்தியைக் காப்பாற்ற முடியாது. சித்திரை, வைகாசியில் ஒருநாள் தண்ணீர் தவறினாலும் இளஞ்செடிகள் போய்விடும். வீட்டுக்கு ஒருவர் வாரத்தில் ஒரு காலை வந்தால் போதும். முறை எழுதும் நோட்டு வாசல் மேசையில் இருக்கிறது; சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கிறது. இரண்டிலும் பெயர் எழுதிவிட்டுச் சாப்பிடப் போகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்