32767இல் சிக்கி நிற்கும் உங்கள் லொகின்

பெரும்போக (மாரிகால நெற்செய்கை) பதிவுக்கான இணையத்தளத்தைப் பராமரிக்கும் அலுவலகத்தாருக்கு,

வணக்கம். மட்டக்களப்பு கொக்கட்டிச்சோலையில் சின்னதாக ஒரு போட்டோகொப்பி கடை வைத்திருக்கிறேன். படுவான்கரை விவசாயிகள் பலர் உங்கள் தளத்துக்குள் போவது என் கடைக் கணினியில் இருந்துதான். பத்து நாட்களாக ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. உங்களுக்குப் போன் எடுத்தால் எப்போதும் ஒரே பதில்: "பாஸ்வேர்ட மாத்திப் பாருங்க."

மாற்றினோம். போன செவ்வாய் தாந்தாமலைப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்த அம்மா ஒருவர் மூன்றாவது தடவையாக மாற்றினார். பொத்தானை அமத்தியதும் வெள்ளைத் திரையில் அதே ஒற்றை ஆங்கில வரி வந்து நின்றது: 'டூப்ளிகேட் என்ட்ரி 32767 ஃபோர் கீ பிரைமரி'. "மகன், நான் எதையும் பிழையா அமத்திட்டனா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். அதை நிரூபிக்கத்தான் இந்த மடல்.

அவர் போனபிறகு ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் சொந்தக் கணக்கில் வேண்டுமென்றே தவறான கடவுச்சொல்லை அடித்தேன். "கடவுச்சொல் தவறு" என்று தளம் ஒழுங்காகச் சொன்னது. சரியானதை அடித்தேன், அந்த 32767 வந்தது. அதாவது உங்கள் தளம் கடவுச்சொல்லை ஏற்றுக்கொண்ட பிறகுதான் விழுகிறது. அப்புறம் எத்தனை தரம் பாஸ்வேர்ட் மாற்றி என்ன பயன்?

இந்தக் கடைக்கு முன் இரண்டு வருடம் மென்பொருள் வேலை பார்த்தவன் நான். உங்கள் நிரலை நான் பார்த்ததில்லை, ஆனால் அந்த எண் நிறையச் சொல்கிறது. ஆள் உள்ளே வந்ததும் யார், எத்தனை மணிக்கு என்று ஓர் அட்டவணையில் ஒரு வரி எழுதுகிறீர்கள் போலும். ஒவ்வொரு வரிக்கும் தரவுத்தளத்தில் இருக்கும் எண்ணியே (கவுன்டர்) அடுத்த இலக்கத்தைக் கொடுக்கும். மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் அந்த இலக்கம் நிற்கும் பத்தியை (கொலம்) சின்ன எண்களுக்கான ஸ்மால்இன்ட் வகையாக வைத்தால் 32,767தான் உச்சம். அதற்கு மேலே போக இடமில்லாததால் மறுபடி அதே 32767ஐ எழுதப் பார்க்கிறது. ஏற்கெனவே இருக்கிற இலக்கம் என்று தரவுத்தளம் மறுக்கிறது. பிழை இலக்கம் 1062. இந்த ஒரு வரி எழுத முடியாததால் உங்கள் நிரல் முழு லொகினையும் கைவிடுகிறது.

என் கடையில் எவர் முயன்றாலும், எத்தனை தரம் முயன்றாலும் அந்த எண் மாறவே இல்லை. ஒவ்வொரு முயற்சிக்கும் எண் ஒன்று ஒன்றாகக் கூடியிருந்தால் வேறு இடத்தில் தேடச் சொல்லியிருப்பேன். பேக்கப்பிலிருந்து தரவை மீட்ட பிறகு எண்ணி பின்தங்கிவிட்டால் அப்படி வரும், போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் அது அடிக்கடி நடப்பது. எண்ணுக்குப் பதில் ஒருவருடைய அடையாள அட்டை இலக்கம் வந்திருந்தால் அவர் பதிவு மட்டுமே இரண்டு தரம் ஏறப் பார்க்கிறது.

செய்யவேண்டியது சிறிய வேலை. பேக்கப் எடுத்துவிட்டு அந்தப் பத்தியை மிகப் பெரிய எண்களையும் தாங்கும் பிக்இன்ட் வகையாக்குங்கள். அந்த இலக்கத்தைச் சுட்டும் வேறு அட்டவணை இருந்தால் அதையும் சேர்த்து மாற்றுங்கள். முப்பத்திரண்டாயிரம் வரிக்கு அதிக நேரம் எடுக்காது. பழைய வரிகளைக் கொஞ்சம் அழித்தால் போதும் என்று யாராவது சொன்னால் கேட்கவேண்டாம், எண்ணி கீழே இறங்காது. எண்ணியும் முதலிலிருந்து தொடங்கும்படி அட்டவணையையே காலி செய்தால் லொகின் ஓடும்தான், ஆனால் யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவு முழுக்கப் போய்விடும். ஒரே இலக்கம் இரண்டு தரம் ஏறாமல் காக்கும் பிரைமரி கீயைக் கழற்றிவிடலாம் என்ற யோசனையும் வரும். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொன்று. வருகையைக் குறிக்க முடியவில்லை என்பதற்காக ஆளை வாசலில் நிறுத்தாதீர்கள். அந்தப் பிழை உங்கள் பதிவேட்டுக்குப் போகட்டும், விவசாயிக்குத் தமிழில் ஒரு வரி காட்டுங்கள்.

உண்மையில் எனக்குக் கோபம் வந்தது வேறொரு விஷயத்தில். மகிழடித்தீவு ஐயா ஒருவரின் பதிவை உங்கள் ஆட்கள் நீக்கிவிட்டு, புதிதாகப் பதியச் சொன்னார்கள். பதிந்தார், அதே 32767. இப்போது அவருடைய பழைய வயல் விபரமும் இல்லை. போதாததற்கு முதல் பதிவு பழைய அடையாள அட்டையின் ஒன்பது இலக்கத்தில், புதியது பன்னிரண்டு இலக்கத்தில். நாளைக்கு அந்தப் பழைய பதிவை மீட்டால் ஒரே மனிதர் இரண்டு பேராக நிற்பார். மீட்கும்போது இரண்டு இலக்கத்தையும் ஒப்பிட்டுச் சேருங்கள். அதுவரை யாருடைய பதிவையும் நீக்கவேண்டாம்.

திரையைப் படமெடுத்து, நாளும் நேரமும் குறித்து வைத்திருக்கிறேன், அனுப்பிவிடுகிறேன். இரவில் வேலை செய்வதானால் சொல்லுங்கள், கடை பூட்டினாலும் கணினியை நிறுத்தாமல் இருந்து சோதித்துப் பார்க்கிறேன். தாந்தாமலை அம்மா வரும் செவ்வாய் திரும்ப வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.

இப்படிக்கு,
கொக்கட்டிச்சோலை போட்டோகொப்பி கடைக்காரன்