செம்பூர் அண்டை வீட்டாருக்கும் அலுவலகத் தோழியருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில் எனக்கு லூபஸ் மீண்டும் மூண்டபோது துணை நின்ற உங்கள் ஒவ்வொருவரின் வீட்டுக்கும் வந்து நன்றி சொல்ல உடல் இன்னும் இடம் கொடுக்காததால், இம்மடலை எழுதுகிறேன்.

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே தோல், மூட்டு, சிறுநீரகம் எனச் சொந்த உறுப்புகளைத் தாக்கும் நோய் இது என்பதும், நோயாளிகளில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்பதும், இது தொற்றாது என்பதும் எங்கள் கட்டடத்தில் இன்று அனைவருக்கும் தெரியும். கீழ்த்தளத்து மாமி எனக்காக விளக்கியே தெரிய வைத்துவிட்டார். மருந்துக்கு அடங்கியிருக்கும் நோய் மறுபடி சீறுவதைத்தான் மருத்துவர்கள் ஃப்ளேர் என்கிறார்கள். வெயிலோ, தொற்றுக் காய்ச்சலோ, மருந்தை இடையில் விடுவதோ அதைத் தூண்டலாம். காரணம் புலப்படாமலும் வரும்.

காலையில் மடங்க மறுக்கும் விரல்களையும், தூங்கி எழுந்தாலும் தீராத அயர்ச்சியையும், படித்த வரி மனத்தில் தங்காமல் போவதையும் விட என்னை வாட்டியது, எவருக்கும் எந்த நாளையும் குறித்து வாக்குக் கொடுக்க முடியாமற் போனதுதான். செவ்வாயன்று ரயிலேறி வேலைக்குப் போனவளால் புதனன்று பால் பாக்கெட்டைக்கூடப் பிரிக்க முடியாது; பார்ப்பவர்களுக்கோ இரண்டு நாளும் ஒரே ஆள்தான். ஸ்டீராய்டால் முகம் உப்பியபோது 'உடம்பு நன்றாகத் தேறியிருக்கிறதே' என்று மகிழ்ந்தவர்களும் உண்டு. அவர்களுக்கும் நன்றி, எண்ணம் நல்லதுதானே.

அலுவலகத் தோழியரே, மாதக் கணக்கு முடிக்கும் பட்டியலிலிருந்து என் பெயரை நீங்கள் எடுத்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அப்படிச் செய்யாமல் என் பெயருக்கு அருகில் இன்னொருவர் பெயரையும் எழுதி வைத்தீர்களே, அதனால்தான் வர முடியாத நாளில் நான் குற்றவாளியாகவும், வந்த நாளில் விருந்தாளியாகவும் உணரவில்லை. ஹார்பர் லைன் மகளிர் பெட்டியில் வெயில் விழாத பக்கமாகப் பார்த்து இடம் பிடித்துத் தந்த மராத்தி, குஜராத்தித் தோழியரையும் இங்கே நினைக்கிறேன். மும்பையில் ஜன்னலோர இருக்கையை வேண்டாம் என்று சொன்னவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நாத்தனார் வாரந்தோறும் தாராவியிலிருந்து இட்லி மாவு கொண்டுவந்து, நான் எழுந்து வர வேண்டியிருக்குமே என்று கதவைத் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டுச் செய்தி மட்டும் அனுப்பினார்.

மருந்துக் கடைப் பெரியவருக்கு ஒரு பழைய நன்றியும் பாக்கி இருக்கிறது. மலேரியாவுக்கென வந்து, லூபஸ் நோயாளிகளுக்கு அன்றாட மருந்தாகிவிட்ட ஹைட்ராக்சிகுளோரோகுயினை 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு அஞ்சிப் பலரும் வாங்கிக் குவித்தபோது, எனக்கான அட்டைகளைத் தனியே எடுத்து வைத்தவர் அவர். தமிழ் படிக்கத் தெரியாத அவருக்கு இப்பகுதியை என் மகன் இந்தியில் சொல்வான்.

நல்ல செய்தி, சிறுநீரகத்தை நோய் தாக்கியதால் சிறுநீரில் கசிந்த புரதம் குறைந்து வருகிறது. ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தக் கூடாது என்பதால் மருத்துவர் சிறிது சிறிதாகக் குறைத்து வருகிறார். நவராத்திரிக்குக் கொலு வைப்பவர்கள் வழக்கம்போல் என்னையும் அழையுங்கள். வருவேனா என்பதை அன்று மாலைதான் சொல்வேன்.

நன்றியுடன்,
மூன்றாம் மாடியிலிருந்து உங்கள் தோழி