கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ்த் தலையங்கத்தில், "கணினிக்கு வேண்டியவர், வேண்டாதவர் கிடையாது, அதன் கையையும் சட்டம் போட்டுக் கட்ட வேண்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள். நான்கு முறை படித்தும் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை. முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். பேரேட்டிலும் எழுதினேன், கணினியிலும் எழுதினேன். அந்த உரிமையில் இந்தக் கடிதம்.

என் மனைவிக்குச் சென்ற ஆண்டு முகவாதம் வந்தது. பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும் என்றார் மருத்துவர். அவளுக்கு முழுதாகச் சரியாகவில்லை. வாய் வலப்பக்கம் இழுத்துக்கொண்டது. இடது கண் இமை இன்றும் முழுசாக மூடாது. இந்த நிலையில்தான் அவளுடைய வங்கி, செயலியைப் புதுப்பித்துவிட்டு, முகத்தைக் காட்டினால்தான் கணக்கு திறக்கும் என்றது. அது அவள் உழைத்துச் சேர்த்த பணம்.

வெளிச்சம் போதாதோ என்று ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டேன். கைப்பேசியை நான் பிடித்துக்கொண்டேன். வட்டத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னது, வைத்தாள். கண்ணைச் சிமிட்டச் சொன்னது. ஒரு கண்தான் சிமிட்டியது. மறுபடி சொன்னது. அவள் விரலால் இடது இமையைக் கீழே இழுத்து மூடினாள். 'முகத்தை மறைக்காதீர்கள்' என்று திரையில் வந்தது. ஐந்தாவது தடவை, பாதுகாப்புக் காரணங்களுக்காகக் கணக்கு முடக்கப்பட்டது என்றது. "என் மூஞ்சி எனக்கே அடையாளம் தெரியல, அதுக்கு எப்படித் தெரியும்?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அதன் பிறகு நடந்தது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒன்றை அழுத்து, நான்கை அழுத்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. அரட்டைப் பெட்டியில் கேட்டால், புரியவில்லை, வேறு மாதிரி கேளுங்கள் என்றது. நேரில் போனோம். அங்கே இருந்த பெண் நல்ல பெண், குறை சொல்ல மாட்டேன். பழைய புகைப்படத்தையும் இவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அம்மாதான்னு நல்லாத் தெரியுது சார், சிஸ்டம்தான் விடமாட்டேங்குது" என்றாள். பத்தொன்பது நாள் கழித்துக் கணக்கு தானாகத் திறந்தது. யார் திறந்தார்கள், யார் பூட்டினார்கள் என்று இன்றுவரை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வவுச்சர் என்றால், சரிபார்த்தவர் என்ற இடத்தில் ஒருவருடைய சுருக்கொப்பம் இருக்க வேண்டும். தொகை சின்னதோ பெரிதோ, ஒப்பமில்லாமல் நகராது. தப்பு என்றால் அந்த ஒப்பத்துக்கு உரியவர் வந்து நிற்க வேண்டும். இப்போது யார் வந்து நிற்கிறார்கள்?

பிரிட்டனில் அஞ்சலகக் கணக்குகளுக்கு ஹொரைசன் என்ற மென்பொருளைக் கொண்டுவந்த கதை தாங்கள் அறிந்ததே. கல்லாவில் பணம் குறைகிறது என்று மென்பொருள் சொன்னது. துணை அஞ்சலகம் நடத்திய 900-க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளானார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். அங்கே 1984-இல் வந்த ஒரு சட்டப்பிரிவு, கணினி ஒழுங்காக வேலை செய்தது என்று காட்டினால்தான் அது அச்சிட்ட தாளைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. 1999-இல் இயற்றிய சட்டம் அந்தப் பிரிவை நீக்கிவிட்டது. அதற்குப் பிறகு கணினி சொல்வது சரி என்பதிலிருந்துதான் நீதிமன்றம் தொடங்கியது. தப்பென்று காட்டும் பாரம் எதிரே நின்றவர் தலையில் விழுந்தது. மென்பொருளில் பிழைகள் உண்டு என்று நீதிபதி தீர்ப்பெழுத 2019 டிசம்பர் ஆயிற்று. இரவெல்லாம் உட்கார்ந்து, வராத கணக்கைத் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்திருப்பார்களே ஐயா, அந்த மனிதர்கள்! கூட்டல் இடிக்கும்போது வயிற்றில் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். தாங்கள் வேண்டாம் என்று எழுதும் சட்டம், இருந்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டதால் வந்த வினை இது.

ஆஸ்திரேலியாவில் ரோபோடெட் என்றார்கள். ஒருவரின் ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களுக்கும் சமமாகப் பிரித்துப் போட்டு, வேலையில்லாத நாட்களிலும் சம்பாதித்ததாகக் காட்டி, வாங்கிய உதவித்தொகையைத் திருப்பிக் கட்டு என்று ஏழைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது அரசு. என்னிடம் வேலை பழகவந்த பையன் அப்படிச் சராசரி போட்டிருந்தால் தாளைக் கிழித்திருப்பேன். அங்கே எத்தனையோ பேர் அழுதார்கள். விசாரணை ஆணையத்தின் அறிக்கை 2023-இல்தான் வந்தது.

வேண்டியவர் வேண்டாதவர் கணினிக்கு இல்லாமலே இருக்கட்டும். அதைச் செய்தவர் மனதில் கோணல் முகம் ஒன்று வரவே இல்லையே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? ஐரோப்பாவில் 2018 மே முதல் நடப்பில் உள்ள தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, ஒருவர் வாழ்க்கையைப் பெரிதும் பாதிக்கும் முடிவை முழுக்க இயந்திரமே எடுப்பதற்கு வரம்பு கட்டுகிறது. ஒப்பந்தத்தின் பேரிலோ சம்மதத்தின் பேரிலோ அப்படி எடுத்தாலும், ஒரு மனிதர் பார்க்கட்டும் என்று கேட்க உரிமை தருகிறது. நான் கேட்பதும் அவ்வளவுதான். இதில் எந்தத் தொழில்நுட்பத்தின் கை கட்டப்படுகிறது?

கனடாவில் ஒரு விமான நிறுவனம், கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் தன் அரட்டை இயலி பயணிக்குத் தப்பான தகவல் சொன்னதற்கு, அந்த இயலியின் பேச்சுக்கு அந்த இயலிதான் பொறுப்பு, நாங்கள் அல்ல என்று தீர்ப்பாயத்தில் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. இழப்பீடு கொடுக்கச் சொன்னது. தட்டிக்கேட்க ஓரிடம் இருந்ததால் அந்தப் பயணிக்குக் கிடைத்தது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். படிக்கவே முடியாத நீளத்துக்கு நிபந்தனைகளைப் போட்டு 'ஏற்கிறேன்' என்று ஒரே பொத்தான் வைப்பதைப் பற்றி இரண்டு ஆண்டுக்கு முன் தங்களுக்கு எழுதினேன். பிரசுரமாகவில்லை. இடமில்லை என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த மாதமே ஆளில்லாச் சேவை மையங்களைப் புகழ்ந்து நான்கு பக்கம் வந்தது. மனம் நொந்தது உண்மை. ஆனாலும் இதழை நிறுத்தவில்லை.

இப்போது தங்கள் சந்தாப் பக்கத்திலும் தொலைபேசி எண்ணை எடுத்துவிட்டு அரட்டைப் பெட்டி வைத்துவிட்டீர்கள். எங்கள் சந்தா இந்த மாதம் முடிகிறது. அது என் மனைவி பெயரில் இருக்கிறது, குறுக்கெழுத்து அவளுக்கு. கேட்பது ஒன்றே: முன்பு இருந்த மாதிரி, தினம் ஒரு மணி நேரமாவது ஒருவர் எடுத்துப் பேசும் எண்ணை அடுத்த இதழில் அச்சிடுங்கள். அவளே கூப்பிட்டுப் புதுப்பித்துக்கொள்வாள். சில எழுத்துகள் வாயில் குழறும். எடுப்பவர் கொஞ்சம் பொறுத்துக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கணக்காளர்