கிளாப்டன் வாசித்த மூன்று பாட்டு

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. மகள் கல்யாணம் நல்லபடியாக முடிந்ததில் ரொம்பச் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆகி, இப்போது பேப்பரைத் தானே படிக்கிறார்.

இந்த வயதில் கிதாரை மறுபடி எடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். எனக்கு உடனே இங்கிலாந்தின் ராக் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன் ஞாபகம்தான் வந்தது. அவருடைய லைவ் எய்ட் கச்சேரியை மறுபடி போட்டுப் பார்த்தேன்.

1985 ஜூலை 13. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்ட லண்டனிலும் பிலடெல்பியாவிலும் ஒரே நாளில் நடந்த கச்சேரி. உலகமே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கிளாப்டனுக்கு அப்போது 40 வயது, மார்க்கெட் இறங்கியிருந்த நேரம். 'பிஹைண்ட் த சன்' ஆல்பத்தை முதலில் கொடுத்தபோது, ஹிட் ஆகிற பாட்டு இல்லை என்று சொல்லி, வேறொருவர் எழுதிய பாட்டுகளைச் சேர்க்க வைத்தது கம்பெனி. 'லைலா' என்ற புகழ்பெற்ற பாட்டைத் தந்த மனிதருக்கு அந்த நிலைமை!

பிலடெல்பியாவில் அவர் வாசித்தது மூன்றே பாட்டு. முதலில் 'ஒயிட் ரூம்'. கிளாப்டனின் பழைய குழுவான கிரீமில் ஜாக் புரூஸ் பாடியதை இங்கே இவரே பாடுகிறார். பின்னால் ஜேமி ஓல்டேக்கர், பில் காலின்ஸ் என்று இரண்டு டிரம்மர்கள். காலின்ஸ் அன்றைக்கே லண்டனில் பாடிவிட்டு, ஒலியை மிஞ்சும் கான்கார்ட் விமானம் பிடித்து வந்து இங்கே குச்சியைக் கையில் எடுத்தவர். அந்த இரட்டை அடிக்கு நடுவிலும் கிதார் துளிகூட அமுங்கவில்லை. கடைசியில் 'லைலா'. தொடக்கத்தின் அந்த ஏழு சுரங்கள் வந்ததும் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

1971-இல் நியூயார்க்கில் பீட்டில்ஸ் குழுவில் இருந்த ஜார்ஜ் ஹாரிசன் நடத்திய வங்கதேச நிதிக் கச்சேரியிலும் இதே மனிதர் வாசித்தார். அப்போது ஹெராயின் பிடியில் இருந்தார். மேடைக்கு வருவாரா என்பதே சந்தேகம். வராவிட்டால் சமாளிக்க ஜெஸ்ஸி எட் டேவிஸ் என்ற கிதார் கலைஞரைத் தயாராக வைத்திருந்தார்கள். அதை நினைத்துக்கொண்டு 1985 வீடியோவைப் பார், கண் கலங்கிவிடும்.

லைவ் எய்டுக்குப் பிறகு ஜனங்கள் அவரை மறுபடி தேடி வந்தார்கள். அடுத்த வருஷம் 'ஆகஸ்ட்' ஆல்பம் நன்றாக விற்றது. ஆனால் குடியை அவர் விட்டது 1987-இல்தான், அதுவும் சிகிச்சைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு. அப்புறம் 1998-இல் ஆன்டிகுவாவில் போதை மறுவாழ்வு மையம் தொடங்கி, மறு வருஷம் அதற்காகத் தன் கிதார்கள் நூற்றை ஏலம் விட்டார். அவரை நான் மதிப்பது இதற்காகத்தான்.

மாப்ளே, புதிதாக எதையும் தேடி மண்டையை உடைத்துக்கொள்ளாதே. காலேஜ் நாளில் வாசித்ததையே எடு. முதலில் கம்பிகளை மாற்று, துருப்பிடித்திருக்கும். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது கிதாரையும் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி