பூச்செடி வாடிய ஜன்னல்

அன்புள்ள கண்ணா,

சனிக்கிழமை ஹாஸ்டல் ஹாலில் 'ஷெர்லாக் ஹோம்ஸ்: எ கேம் ஆஃப் ஷேடோஸ்' போடப் போகிறீர்கள் என்று எழுதியிருந்தாய். பார்க்கும் முன்னாலேயே பாதிப் பேர் "முதல் பாகத்தோடு நிறுத்தியிருக்கலாம், இது வெறும் ஸ்லோமோஷன், துப்பறிதலே கிடையாது" என்கிறார்களாமே. 2011 டிசம்பரில் படம் வந்த நாளிலிருந்து சொல்லப்படும் குறைதான் அது. விமர்சகர்களில் முதல் பாகத்தைப் பாராட்டியவர்கள் நூற்றுக்கு எழுபது பேர் என்றால், இதற்கு அறுபது பேர்தான் தேறினார்கள். வசூலில் கதை மாறியது. 2009இல் வந்த முதல் பாகம் ஏறக்குறைய 52 கோடி டாலர் ஈட்டியது, இது 54 கோடி.

முதலில் துப்பறிதலைப் பற்றிச் சொல்கிறேன். துப்பு இருக்கிறது, அது பின்னணியில் கிடக்கிறது. ஹோம்ஸ் வில்லன் பேராசிரியர் மொரியார்ட்டியை அவருடைய கல்லூரி அறையில் சந்திக்கும் காட்சியில் எல்லோரும் இரண்டு முகங்களையே பார்ப்பார்கள். நீ அறையைப் பார். வீட்டுத் தோட்டக்கலை பற்றிய புத்தகம் ஒன்று இருக்கும், ஜன்னலோரம் பூச்செடி வாடியிருக்கும். தோட்டக்கலை படிக்கிறவர் செடிக்குத் தண்ணீர் ஊற்ற மாட்டாரா? அப்படியானால் அந்தப் புத்தகம் வேறு எதற்கோ. பேராசிரியரின் சிவப்புக் குறிப்பேட்டில் உள்ள சங்கேதத்துக்கு அதுதான் சாவி. ஒன்றரை மணி நேரம் கழித்து, அருவிக்கு மேலே பால்கனியில் நின்றுதான் ஹோம்ஸ் இதை வாய் திறந்து சொல்கிறார். அதற்குள் லண்டனில் வாட்சனின் மனைவி மேரியும் இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேடும் அந்தக் குறிப்பேட்டை வைத்து மொரியார்ட்டியின் சொத்தையே முடக்கியிருப்பார்கள். அந்த அறைக் காட்சியில் போனை நோண்டியவர்களுக்குத்தான் கடைசியில் எல்லாம் திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும்.

இனி ஸ்லோமோஷன். சண்டைக்கு முன் ஹோம்ஸ் அடிகளை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பாரே, அதை முதல் பாகத்தில் இரண்டு முறை செய்தார்கள். இரண்டு முறையும் நினைத்தது அப்படியே நடந்தது. இந்தப் பாகத்திலும் சந்துக்குள் நான்கு பேரோடு நடக்கும் முதல் சண்டை அதே மாதிரிதான். அதைப் பார்த்துவிட்டு "பழைய கதைதான்" என்று முடிவு கட்டுவதுதான் தப்பு. அடுத்த முறை, கொசாக் கொலையாளி முன்னால் நிற்கும்போது, ஹோம்ஸ் முழுத் திட்டத்தையும் போட்டு முடித்திருப்பார். ஆரம்பிக்கும் நேரத்தில் ஜிப்சிப் பெண் சிம்ஸா கத்தியை வீசிவிடுவாள், திட்டம் அவ்வளவுதான். அரங்கில் சிரிப்பு எழும் இடம் அது. ஆனால் கடைசிக் காட்சிக்கு விதை போடுவதும் அதுதான்: இவர் கணக்குப் போடாத ஆள் ஒருவர் உள்ளே வந்தால் கணக்கு உடையும்.

மூன்றாவது முறை மொரியார்ட்டியோடு. ஹோம்ஸ் மனதுக்குள் ஆரம்பிக்கிறார், அந்த எண்ணத்துக்குள்ளேயே மொரியார்ட்டியின் குரல் புகுந்து பதில் அடி அடிக்கிறது. கொக்கி பாய்ந்த தோள்பட்டை ஹோம்ஸுக்கு இன்னும் ஆறவில்லை, மொரியார்ட்டி குறிவைப்பதும் அங்கேதான். எப்படி ஓட்டிப் பார்த்தாலும் ஹோம்ஸ் தோற்கிறார். ஆகவே சண்டையே நடக்காது. பைப்பில் இருக்கும் தணலை எதிராளியின் முகத்தில் ஊதிவிட்டு, அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அருவியில் விழுகிறார். முதல் முறை பலித்தது, இரண்டாம் முறை குலைந்தது, மூன்றாம் முறை எதிரியும் அதே வித்தைக்காரன். இந்த ஏற்றத்தைக் காட்டத்தான் ஒரே உத்தி திரும்பத் திரும்ப வருகிறது.

ஜெர்மனிக் காட்டில் பீரங்கிக் குண்டுகள் மரங்களைச் சிதறடிக்கும் துரத்தல் வேறு வகை. அது அதிவேகக் கேமராவில் எடுத்தது. திரையில் நொடிக்கு 24 ஃப்ரேம்தான் ஓடும்; ஆயிரம் ஃப்ரேமில் எடுத்தால் ஒரு நொடி நாற்பது நொடிக்கு மேல் நீளும். ஒரே ஷாட்டுக்குள் வேகத்தைக் கூட்டிக் குறைத்து வெட்டியிருக்கிறார்கள். லேப்டாப்பில் யாராவது 1.5 வேகத்தில் ஓட்டினால் இந்தக் கட்டம் முழுக்க வீண். நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதே, மொத்தமே 129 நிமிடம்தான்.

கூட்டம் குழம்பும் இடம் பாரிஸ். குண்டு ஆபரா அரங்கில் என்று ஹோம்ஸ் ஓடுவார், வெடிப்பது ஹோட்டலில். "ஏன் அத்தனை பேரைக் கொன்றான்?" என்று பக்கத்தில் யாராவது கேட்பார்கள். குண்டு வெறும் மறைப்பு. அறையில் இருந்த ஆயுத ஆலை முதலாளி மைன்ஹார்டைத் தொலைவிலிருந்து மொரியார்ட்டியின் கையாள் மோரன் சுட்டதை மூடி மறைக்கத்தான் வெடி. மைன்ஹார்ட் போனால் ஆலை மொரியார்ட்டி கைக்கு வரும். தோட்டாவும் அவனுடையது, கட்டுப் போடும் துணியும் அவனுடையது, பாக்கி வேண்டியது போர் மட்டும்தான். இந்த வில்லத்தனம் எனக்குப் பழங்கதையாகத் தெரியவில்லை.

சதுரங்கத்துக்கு சப்டைட்டில் போட்டுக்கொள். ஹோம்ஸும் மொரியார்ட்டியும் பலகையைப் பார்க்காமல் வாயாலேயே ஆடுவார்கள், அதுவும் பழைய ஆங்கிலக் குறியீட்டில். அதில் கட்டங்களை ஆடுபவர் அவரவர் பக்கத்திலிருந்து எண்ணுவார். நீ பழகிய முறையில் h3 என்பது கறுப்புக்காரருக்கு அங்கே ஆறாவது கட்டம். அந்த ஆட்டம் 1966 பியாடிகோர்ஸ்கி கோப்பை சதுரங்கப் போட்டியில் லார்சன் அப்போதைய உலக சாம்பியன் பெட்ரோசியனை வென்ற ஆட்டத்திலிருந்து எடுத்தது. லார்சன் g6இல் ராணியையே கொடுத்து ஜெயித்தார். ஹோம்ஸ் அடுத்து எதைக் கொடுக்கப் போகிறார் என்பதைப் பார்த்தால், ஏனோதானோவென்று பொறுக்கிய ஆட்டமாக எனக்குப் படவில்லை.

நியாயமான குறைகளும் உண்டு. ஐரீன் ஆட்லரை ஆரம்பத்திலேயே தேநீரில் விஷம் வைத்து முடித்துவிட்டார்கள். முதல் பாகத்தில் ஹோம்ஸுக்கு ஈடுகொடுத்தவளுக்கு மிஞ்சியது ஒரு கைக்குட்டை. சிம்ஸாவாக வரும் நூமி ரபாஸ் பாரிஸுக்குப் பிறகு கூடவே ஓடுகிறார், அவ்வளவுதான். இதில் ரசிகர்கள் பக்கம்தான் நான். வாட்சன் அட்ரினலின் ஊசி போட்டு ஹோம்ஸைப் பிழைக்க வைப்பதும் கொஞ்சம் கைவரிசைதான்: கதை 1891இல் நடக்கிறது, அட்ரினலினை ஜப்பானிய வேதியியலாளர் தகாமினே பிரித்தெடுத்தது 1901இல்.

மூலக்கதையைக் காட்டி சண்டை போடுகிறவர்கள் வந்தால் ஒன்று சொல். கோனன் டாயில் 1893இல் மொரியார்ட்டியை உருவாக்கியதே ஹோம்ஸைக் கொல்லத்தான். அந்தக் கதையில் வாட்சன் அருவிச் சண்டையைப் பார்க்கவே இல்லை. ஒரு கைத்தடி, ஒரு சிகரெட் பெட்டி, ஒரு கடிதம், பாறையோரக் காலடித் தடங்கள், இவைதான் மிச்சம். படத்தில் வாட்சன் கதவைத் திறக்கும் நொடியில் இருவரும் விழுகிறார்கள். இந்த மாற்றம் எனக்குப் பிடித்தது.

முடிவில் வாட்சன் டைப்ரைட்டரில் 'முற்றும்' என்று அடித்துவிட்டு வெளியே போவார். யாரையும் எழுந்திருக்க விடாதே, லைட்டையும் போட விடாதே. நாற்காலியைப் பார்க்கச் சொல். பேக்கர் தெரு வீட்டில் ஹோம்ஸ் எப்படிச் சுவரோடு சுவராக ஒளிந்திருந்தார் என்பதைக் கவனித்தவன் மட்டும் முன்கூட்டியே சிரிப்பான்.

அன்புடன்,
அம்மா