ஒரு தடவைக்கு மட்டும் என்றால் வேண்டாம்: அகமதாபாத் 2030 அமைப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய காமன்வெல்த் விளையாட்டுப் போட்டி அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். 2030 அகமதாபாத் போட்டியில் கிரேக்க-ரோமன் மல்யுத்தத்தைச் சேர்ப்பது பற்றி எழுதுகிறேன். 2010 அக்டோபர் 5 அன்று, டெல்லி காமன்வெல்த் போட்டியின்போது, இந்திரா காந்தி உள்ளரங்கில் மேல்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். அன்று நடந்தது கிரேக்க-ரோமன் மல்யுத்தம். பக்கத்து இருக்கையில் ரோத்தக்கிலிருந்து வந்திருந்த ஒரு தலைப்பாகைப் பெரியவர். ஆட்டம் தொடங்கியதிலிருந்தே "டாங்க் பகட், டாங்க் பகட்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். காலைப் பிடி என்கிறார். பேரன் நாலைந்து தடவை அவர் சட்டையை இழுத்துச் சொல்லிப் பார்த்தான், "தாத்தா, இதில் காலைப் பிடிக்கக் கூடாது" என்று. பெரியவர் நம்பவே இல்லை. காலைப் பிடிக்காமல் என்ன குஸ்தி?

நியாயமான கேள்விதான். மண் கோதாவில் வளர்ந்தவருக்குக் கால்தான் பாதி ஆட்டம். கிரேக்க-ரோமனில் இடுப்புக்குக் கீழே கை போகக் கூடாது, தன் காலைப் போட்டு எதிராளியைத் தடுக்கவும் கூடாது. மிச்சமிருப்பது மார்பும் தோளும் கழுத்தும்தான். இரண்டு பேரும் நெற்றியோடு நெற்றி முட்டி நிற்பார்கள். ஒருவன் கை மற்றவன் அக்குளுக்குள் நுழையப் பார்க்கும், அவன் முழங்கையை இறுக்கி அடைப்பான். பார்க்கிறவருக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சட்டென்று ஒரு கை உள்ளே போய்விடும். இடுப்பைச் சுற்றி இரண்டு கையும் பூட்டிக்கொள்ளும், பிடித்தவன் வில்லாகப் பின்னால் வளைவான், 90 கிலோ ஆள் தலைக்கு மேலாகப் பறந்து போய் முதுகில் விழுவான். அப்போது அந்தப் பெரியவரும் எழுந்து நின்று கை தட்டினார். காலை மறந்துவிட்டார்.

அன்று ஒரே நாளில் இந்தியாவுக்கு மூன்று தங்கம்: 60 கிலோவில் ரவீந்தர் சிங், 74-இல் சஞ்சய் குமார், 96-இல் அனில் குமார். மறுநாள் 55 கிலோவில் ராஜேந்தர் குமார். அந்தப் போட்டிகளில் இந்தியா வாங்கிய தங்கம் 38, இங்கிலாந்து 37. இரண்டாம் இடம் ஒரே ஒரு தங்கத்தில் தங்கியது. இந்த நான்கைக் கழித்துப் பாருங்கள், நான் எதைச் சொல்ல வருகிறேன் என்று புரியும்.

பிறகு என்ன ஆயிற்று? கிளாஸ்கோ 2014, கோல்டு கோஸ்ட் 2018, பர்மிங்காம் 2022, மூன்றிலும் காலையும் பிடிக்கலாம் என்ற ஃப்ரீஸ்டைல் மட்டும். காமன்வெல்த் வரலாற்றில் கிரேக்க-ரோமன் நடந்தது டெல்லியில் மட்டுமே. நம் வீட்டுக் கல்யாணத்துக்குப் போட்ட பந்தல், கல்யாணம் முடிந்ததும் பிரித்தாயிற்று. 2026 கிளாஸ்கோ பட்டியலில் மல்யுத்தமே கிடையாது.

நம் நாட்டில் பதக்கத்தைப் பார்த்துத்தான் பரிசுப் பணம், பதக்கத்தைப் பார்த்துத்தான் அரசு வேலை. நாலு வருஷத்துக்கு ஒரு முறை வரும் ஒரு வாய்ப்பு பட்டியலிலிருந்து போய்விட்டால், பதினைந்து வயதுப் பையனை எந்த அப்பா அந்தப் பிரிவுக்கு அனுப்புவார்? 1952-இல் கே.டி. ஜாதவ் தொடங்கி 2024-இல் அமன் செராவத் வரை மல்யுத்தத்தில் இந்தியா வாங்கிய 8 ஒலிம்பிக் பதக்கங்களும் ஃப்ரீஸ்டைலில் வந்தவை. டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் கிரேக்க-ரோமனில் நம் ஆள் ஒருவர்கூடத் தகுதி பெறவில்லை.

ஆள் இல்லாமல் இல்லை. 2020 பிப்ரவரியில் அதே டெல்லியில் நடந்த ஆசிய மல்யுத்த சாம்பியன்ஷிப்பின் 87 கிலோ அரையிறுதியில் சுனில் குமார் 1-8 என்று பின்தங்கியிருந்தார். கிரேக்க-ரோமனில் 8 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டத்தை அங்கேயே முடித்துவிடுவார்கள். அதாவது இன்னும் ஒரு புள்ளி போயிருந்தால் அவர் வீட்டுக்கு. அங்கிருந்து தொடர்ந்து 11 புள்ளி எடுத்து 12-8 என்று வென்றார், இறுதியிலும் வென்று தங்கம் வாங்கினார். 27 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தப் பிரிவில் நமக்கு வந்த ஆசியத் தங்கம் அது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டிலும் ஒரு வெண்கலம்.

நீங்கள் சொல்லப்போவது எனக்குத் தெரியும். காமன்வெல்த்தில் இதற்குப் போட்டி எங்கே? உண்மைதான். ஈரான், ஜார்ஜியா, ஆர்மீனியா, ரஷ்யா, கியூபா என்று இதில் கில்லாடிகள் யாரும் காமன்வெல்த்தில் இல்லை. ஐந்து ஒலிம்பிக்கில் தொடர்ந்து தங்கம் வென்று, பாரிசில் ஓய்வின் அடையாளமாகக் காலணியைக் கழற்றி நடுக்களத்தில் வைத்துவிட்டுப் போனாரே கியூபாவின் மிஹாயின் லோபெஸ், அவரைப் போல ஒருவர் அகமதாபாத்துக்கு வரப்போவதில்லை. சுலபமான தங்கத்துக்காகச் சேர்த்தார்கள் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வார்கள். 2010-க்கு அந்தப் பேச்சு பொருந்தும் என்றே நானும் நினைக்கிறேன்.

அதனால்தான் என் கோரிக்கை கொஞ்சம் கோணலானது. 2030-க்கு மட்டும் என்றால் தயவுசெய்து சேர்க்காதீர்கள். அதற்கடுத்த போட்டியிலும் இருக்கும் என்ற உறுதியைக் காமன்வெல்த் அமைப்பிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுங்கள். ஆண்களுக்கு மூன்றே எடைப் பிரிவு போதும். பெண்களுக்கும் மூன்று வையுங்கள். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு கிரேக்க-ரோமன் இதுவரை கிடையாது. வினேஷ் போகட்டையும் சாக்‌ஷி மாலிக்கையும் தந்த நாட்டில் அது தொடங்கினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ஆணுக்கு மட்டும் இரட்டைப் பதக்கமா என்ற ஆட்சேபமும் அடிபட்டுப்போகும்.

இன்னொன்று, செலவில்லாதது. அகமதாபாத்திலும் யாராவது ஒரு பெரியவர் "டாங்க் பகட்" என்று கத்தத்தான் போகிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் பெரிய திரையில் குஜராத்தியிலும் இந்தியிலும் ஒரு வரி போட்டுவிடுங்கள்: இதில் காலைப் பிடிக்கக் கூடாது.

இப்படிக்கு,
அன்று மேல்வரிசையில் இருந்தவன்