போப்பிடம் மறுத்துச் சொன்ன பாதிரியார்

ஆசிரியருக்கு,

கத்தோலிக்கத் திருச்சபையையும் அறிவியலையும் பற்றிப் பேச்சு வந்தாலே கலிலியோவில் தொடங்கி கலிலியோவிலேயே முடித்துவிடுகிறோம். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றதற்காகத் திருச்சபை 1633இல் அவரை விசாரித்துத் தண்டித்தது அநியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இலேயே கணக்குப் போட்டு எழுதிய பெல்ஜியம்காரர் ஜார்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? பிரபஞ்சத்துக்கு ஒரு தொடக்கம் உண்டு, அதிலிருந்தே அது விரிந்தது என்னும் பெருவெடிப்புக் கொள்கைக்கு வித்திட்டவரும் அவர்தான்.

இதில் சுவாரசியம் என்னவென்றால், 1951இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தக் கொள்கை கடவுளின் படைப்பை உறுதிசெய்வதுபோலப் பேசியபோது, சந்தோஷப்பட வேண்டிய லெமைத்ருக்கு அது பிடிக்கவில்லை. தன் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது என்பது அவர் கருத்து. நாளை வேறு தரவு வந்தால் கோட்பாடு மாறலாம். அதன்மேல் விசுவாசத்தைக் கட்டினால் என்ன ஆவது? வாடிகன் வானியலாளர் மூலம் போப்புக்கு இதை எடுத்துச் சொல்லவும் செய்தார். போப்பும் மறு ஆண்டு ரோமில் வானியலாளர்களிடையே பேசும்போது அந்த வாதத்தை எழுப்பவில்லை.

அதற்காக அவரை ஓரங்கட்டிவிடவில்லை. 1960இல் வாடிகனின் பாப்பிறை அறிவியல் கழகத்தின் தலைவராகவே ஆக்கினார்கள். நம் பாடப்புத்தகங்களில் பிரபஞ்ச விரிவு பற்றிச் சொல்லும்போது அமெரிக்க வானியலாளர் ஹப்பிளுக்குப் பக்கத்தில் இவர் பெயரையும் சேர்க்கலாமே. பிரபஞ்ச விரிவைச் சொல்லும் ஹப்பிள் விதியை ஹப்பிள்–லெமைத்ர் விதி என்று அழைக்கும்படி சர்வதேச வானியல் ஒன்றியமே 2018இல் பரிந்துரைத்தது.

– ஒரு வாசகர், திண்டுக்கல்